பாலத்துக் கட்டணமும் மணல் பாதையும்

பேரூராட்சிச் செயல் அலுவலராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உங்களுக்குச் சட்டமும் விதிகளும் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். ஏலம் விடுவது எப்படி, தீர்மானம் எழுதுவது எப்படி, கணக்கில் குறை காட்டி வரும் தணிக்கைத் தடைக்குப் பதில் அனுப்புவது எப்படி என்பதெல்லாம் இன்றைக்கு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. நான் கடைசியாக வேலை பார்த்த ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். அதில் மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். அந்தச் சாவில் எனக்குப் பங்கு உண்டு. இதை விட்டுவிட்டு என் பணி அனுபவம் என்று வேறு எதைச் சொன்னாலும் அது பொய்.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், பாலாற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். இக்கரையில் கடைத்தெரு, எங்கள் அலுவலகம், தோல் பதனிடும் டேனரிகள், ஷூ கம்பெனிகள். அக்கரையில் எங்களுக்குச் சேர்ந்த இரண்டு வார்டுகள். அங்கிருந்து தினமும் காலையில் பெண்கள் ஷேர் ஆட்டோவில் ஷூ கம்பெனி வேலைக்கு வருவார்கள். இரண்டு கரைக்கும் நடுவில் ஒரு பழைய பாலம். கம்பெனிகளுக்குச் சரக்கு ஏற்றிவரும் லாரிகள் ஓடி ஓடி அது நொந்துபோயிருந்தது. கைப்பிடிச் சுவர் ஓரிடத்தில் பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தது. யார் பழுது பார்ப்பது என்று கேட்டால் நெடுஞ்சாலைத் துறையினர் எங்களைக் காட்டினார்கள், நாங்கள் அவர்களைக் காட்டினோம். கடைசியில் எங்கள் தலையில் விழுந்தது. கையில் நிதி இல்லை.

பாலத்தில் போகும் லாரிகளிடம் கட்டணம் வாங்கலாம் என்ற யோசனையை மன்றத்தில் வைத்தது நான்தான். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று எனக்கே முழு நிச்சயம் இல்லை. பராமரிப்புக் கட்டணம் என்று பெயர் வைத்தால் நிற்கும் என்றார்கள், வைத்தேன். கூட்டப் பொருளில் 'கனரக வாகனங்களுக்கு' என்று தெளிவாக எழுதியிருந்தேன்.

கூட்டத்தில் தலைவர் அதைப் படித்துவிட்டு முடியாது என்று தலையாட்டினார். கெட்ட மனிதர் இல்லை. பாலம் இடிந்து யார் தலையிலாவது விழுந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு உண்மையாகவே இருந்தது.

"லாரிக்கு மட்டும்னா எவனும் ஏலம் எடுக்க வரமாட்டான் மேடம். லாரிக்காரன் ஹைவேல சுத்திப் போய்டுவான். அப்பறம் இன்னாத்த வசூல் பண்றது? எல்லா வண்டிக்கும்னு போடுங்க."

அக்கரை வார்டு உறுப்பினர் மெர்சி எழுந்தார். கவுன்சிலராகும் முன்பு இருபது வருடம் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தவர்.

"பாலத்த ஒடச்சது லாரி. காசு குடுக்கறது ஆட்டோல போற பொம்பளைங்களா? இது இன்னா ஞாயம் தலைவரே?"

"பத்து ரூபாதான மெர்சி."

"போக பத்து, வர பத்து. ஆட்டோக்காரன் அவன் கையிலேந்தா குடுப்பான்? எங்க தலையிலதான் வப்பான்."

கை தூக்கச் சொன்னார்கள். மெர்சியைத் தவிர எல்லாக் கையும் உயர்ந்தது. "நான் ஒத்துக்கலன்னு எழுதுங்க மேடம்" என்றார் மெர்சி. எழுதினேன். 'கனரக' என்ற சொல்லைப் பேனாவால் அடித்தேன். இந்தத் தீர்மானம் பொதுமக்களைப் பாதிக்கும் என்று செயல் அலுவலரின் குறிப்பாக நானும் ஒரு வரி சேர்த்திருக்க முடியும். அந்த அதிகாரம் எனக்கு இருந்தது, உங்களுக்கும் இருக்கிறது. கூட்டம் நீண்டுவிட்டது, எல்லோரும் எழுந்துகொண்டிருந்தார்கள். நான் எழுதவில்லை.

ஏலம் முடிந்து, பாலத்தின் இக்கரை முனையில் ஒரு தடைக்கம்பம் வந்தது. அதற்குக் காவலாக ஒரு கூண்டு, கூண்டுக்குள் குத்தகைதாரரின் ஆள் ஒருவர்.

ஒரு மாதத்துக்குள் ஷேர் ஆட்டோக்கள் பாலத்தை விட்டுவிட்டு ஆற்றுக்குள் இறங்க ஆரம்பித்தன. மணலில் எப்படி ஆட்டோ போகும் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் மணலை அள்ளி அள்ளி அடியில் இருந்த கெட்டி மண் வெளியே வந்துவிட்டது. டயர் ஓடி ஓடி, பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பாதையே உண்டாகிவிட்டது. ஆறு வருடக்கணக்கில் காய்ந்தே கிடந்ததால் யாருக்கும் அது ஆறாகத் தோன்றவில்லை. சாயங்காலம் பிள்ளைகள் அங்கே கிரிக்கெட் ஆடினார்கள்.

குத்தகைதாரர் கடிதம் கொடுத்தார். ஆட்டோ போக முடியாதபடி பொக்லைன் வைத்து அந்தப் பாதையின் குறுக்கே பள்ளம் வெட்டித் தர வேண்டும், இல்லாவிட்டால் தனக்கு இழப்பு என்று. அடுத்த நாளே மெர்சி வந்தார்.

"அத வெட்டிடாதீங்க மேடம். எங்க பொம்பளைங்களுக்கு இருக்கறது அந்த ஒரு வழிதான்."

வெட்டவில்லை. கடிதத்தைக் கோப்பில் வைத்து, கோப்பை மற்றக் கோப்புகளுக்கு அடியில் வைத்தேன். ஏழைகளுக்கு ஏதோ நல்லது செய்துவிட்டதாக அன்று எனக்கு ஒரு திருப்தி.

ஆனாலும் மனதில் உறுத்தல் இருந்தது. மழைக்காலம் வருகிறதே, எச்சரிக்கைப் பலகையாவது வைக்கலாமா என்று தலைவரிடம் கேட்டேன்.

"போர்டு வச்சா பாதை இருக்குன்னு நாமளே ஒத்துகினா மாதிரி ஆய்டும் மேடம். குத்தகைக்காரன் கோர்ட்டுக்குப் போய்டுவான்."

அது எனக்கும் சரி என்றே பட்டது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். வெட்டுவதும் ஒரு முடிவு. பாலத்தில் ஆட்டோவுக்கு விலக்குக் கேட்டுத் திரும்ப மன்றத்துக்குப் போவதும் ஒரு முடிவு. நான் எடுத்தது முடிவே இல்லை. ஆபத்தான ஒரு வழியைத் திறந்தும் வைத்தேன், அப்படி ஒரு வழி இல்லை என்று காகிதத்தில் காட்டியும் வைத்தேன். அதற்கு இரக்கம் என்று பெயர் சூட்டிக்கொண்டேன்.

ஐப்பசியில் ஆந்திர எல்லைக்கு அந்தப்பக்கம் நல்ல மழை. எங்கள் ஊரில் அன்று காலை பளிச்சென்று வெயில். மழைக்காலப் பணி என்பதால் நான் சீக்கிரமே அலுவலகம் வந்திருந்தேன். ஏழேகாலுக்குத் தாலுகா அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"மேடம், மேல தடுப்பணை வழிஞ்சி தண்ணி ஜாஸ்தியா வருதாம். ஆத்துல யாரும் எறங்காம பாத்துக்கங்க."

"நம்ம ஊருக்கு எப்ப வரும்?"

"கரெக்டா தெரியல மேடம். ஒரு மணி நேரம் ஆவும்னு சொல்றாங்க."

நான் செய்ய வேண்டியது இரண்டே இரண்டு காரியம். கூண்டில் இருந்தவருக்குப் போன் போட்டு, கம்பத்தைத் தூக்கி எல்லா வண்டியையும் சும்மா விடச் சொல்ல வேண்டும். மணல் பாதையின் இரண்டு முனையிலும் ஆள் நிறுத்த வேண்டும். கூண்டுக்காரர் எண் என் போனில் இருந்தது. குடிநீர்த் தொட்டி ஆப்பரேட்டர் பெருமாள் என் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

நான் தலைவருக்குப் போன் செய்தேன்.

ஏன் என்று விசாரணையில் கேட்டார்கள். பேரூராட்சி வசூலை நிறுத்தினால் குத்தகைதாரருக்கு ஈடு தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஓய்வுபெற எனக்கு ஏழு மாதம் பாக்கி. என் பெயரில் ஒரு தணிக்கைத் தடைகூட நிலுவையில் இல்லை என்பது எனக்கு அத்தனை பெருமை. தலைவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நாளை பொறுப்பு என் ஒருத்தியுடையதாக இருக்காது. இவ்வளவுதான் காரணம்.

"ஒரு பத்து நிமிஷம் மேடம்" என்றார் தலைவர். "குத்தகைக்காரன் காதுல ஒரு வார்த்த போட்டுட்டு சொல்றேன். இல்லன்னா நாளைக்கி பேஜார் பண்ணுவான்."

காத்திருந்தேன். சும்மா காத்திருந்தேன் என்றாலும் மன்னிக்கலாம். அந்த நேரத்தில் குத்தகைதாரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பொருள், பார்வை, தீர்மான எண் எல்லாம் போட்டு, வசூலைத் தற்காலிகமாக நிறுத்துவதற்கான காரணத்தை விளக்கி நல்ல தமிழில் எழுதினேன். ஓரிடத்தில் ஒரு சொல் பிடிக்காமல் அடித்துத் திருத்தியதுகூட ஞாபகம் இருக்கிறது. பெருமாள் இரண்டு முறை, "நான் போய் பாக்கட்டா மேடம்?" என்று கேட்டார். "இரு, தலைவர் சொல்லட்டும்" என்றேன்.

ஏழு முப்பத்தைந்துக்குத் தலைவர் கூப்பிட்டார். "தொறந்துடுங்க மேடம்."

பெருமாளின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பாலத்துக்குப் போனேன். கம்பம் இறங்கியிருந்தது. "தூக்குங்க, தூக்குங்க" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். கூண்டுக்காரர் ஒன்றும் புரியாமல் தூக்கினார். நான் கைப்பிடிச் சுவர் ஓரம் ஓடிக் கீழே பார்த்தேன். ஆற்றின் நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ வந்துகொண்டிருந்தது.

வெள்ளம் மதில்போல எழும்பி வரும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி வரவில்லை. நுரையும் பிளாஸ்டிக் பையும் முள்ளுமாகத் தள்ளிக்கொண்டு, மனிதர் நடக்கிற வேகத்தில், பழுப்பாக ஒரு தண்ணீர் வந்தது. கணுக்கால் அளவுதான் இருக்கும். ஆட்டோ அதில் இறங்கி நின்றுவிட்டது. பெண்கள் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார்கள். ஒருத்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். இரண்டு பேர் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளினார்கள். "வண்டிய விடுங்க, ஓடுங்க" என்று நான் கத்தியது அவர்களுக்குக் கேட்டிருக்காது. ஒருத்தி நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தாள்.

பின்னால் வந்த தண்ணீர் இடுப்பளவு. ஆட்டோ புரண்டது.

கூண்டுக்காரரும் பெருமாளும் கம்பத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக் கீழே விட்டார்கள். கடைத்தெருவிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஆட்டோ டிரைவர் சலீம் ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, புரண்ட ஆட்டோ இடித்துக் கால் முறிந்த நிலையிலும், நான்கு பெண்களை ஒவ்வொருவராகக் கயிற்றுக்குத் தள்ளிவிட்டார். மூன்று பேர் அவர் கைக்கு எட்டவில்லை.

செல்வி. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ரோஸ்லின், மெர்சிக்குப் பக்கத்து மிஷினில் பல வருடம் உட்கார்ந்தவள். கீதா, வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. கீதாவை அன்று மத்தியானம் கண்டெடுத்தார்கள். மற்ற இருவரை மறுநாள்.

அன்று சாயங்காலம் மணல் பாதை முனையில் ஒரு பலகை முளைத்திருந்தது. 'இது பாதை அல்ல. ஆற்றில் இறங்காதீர்.' பெயிண்ட் காயவில்லை. தலைவர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். கண் சிவந்திருந்தது. உண்மையாகவே அழுதிருந்தார்.

"எனக்கும் இனிமே நிம்மதி இல்ல மேடம். ஆனா போனவங்க திரும்பி வரப்போறதில்ல. போர்டு முன்னாடியே இருந்துச்சின்னு கோப்புல ஒரு குறிப்பு இருந்தா போதும். உங்களுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. ரிட்டையர் ஆவப்போற நேரத்துல உங்களுக்கு எதுக்கு இது?"

இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி போட்டு, எச்சரிக்கைப் பலகை நிறுவப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. முப்பது வருடம் குறிப்பு எழுதிய கை அது. சாதாரணமாக எழுதியது.

அந்தக் குறிப்பு என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை. மூன்றாம் நாள் தெரிந்தது. எச்சரிக்கைப் பலகையை மீறி ஆற்றில் வண்டி ஓட்டி மூவர் சாவுக்குக் காரணமானதாகச் சலீம் மேல் வழக்கு. ஆஸ்பத்திரியில் காலில் மாவுக்கட்டுப் போட்டதோடு வேலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

நான்காம் நாள் மெர்சி வந்தார். ரோஸ்லின் அடக்கத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், வெள்ளைப் புடவையில் இருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மேடம், அந்த போர்டு என்னிக்கி வச்சீங்க?"

நான் கோப்பைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நானும் டெய்லி அந்த வழியாதான் வர்றேன். எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"ரெக்கார்டுல இருக்கு மெர்சி."

"யாரு எழுதனது?"

மெர்சி மேசையைச் சுற்றி வந்து கோப்பைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"உங்க கையெழுத்து எனக்குத் தெரியும் மேடம். நான் ஒத்துக்கலன்னு சொன்னத எழுதனீங்களே, அதே கையெழுத்து." பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்த பாய் நாலு பேர தூக்கி விட்டாரு. நாங்கதான் பாத்தோமே. பாதைய வெட்டாதீங்கன்னு உங்ககிட்ட வந்து கேட்டது நானு. ரோஸ்லின் மூஞ்சிய பாத்துகினே அதத்தான் நெனச்சிகினு இருந்தேன். நான் கேட்டேன்னு எங்க வேணா சொல்றேன் மேடம். நீங்க இன்னா சொல்லப்போறீங்க?"

மறுநாள் விசாரணை அதிகாரியிடம் போனேன். என் மகன் வயது அவருக்கு. பலகை எப்போது வைத்தது, குறிப்பு எப்போது எழுதியது, போன் எப்போது வந்தது, நான் எதற்காகக் காத்திருந்தேன் எல்லாம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"இத எழுத்துல குடுத்தா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா மேடம்?"

"தெரியும் சார்."

இதைத் துணிச்சல் என்று எண்ணிவிடாதீர்கள். மெர்சி வந்து நிற்காமல் போயிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். சலீம் ஜெயிலில் இருந்திருப்பார், நான் மாலை மரியாதையோடு ஓய்வுபெற்றிருப்பேன்.

அந்த வாரமே தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். ஓய்வுபெறும் நாள் வந்தபோது ஓய்வுபெற விடவில்லை. விசாரணை இழுத்து, பிறகு ஓய்வூதியத்தில் பிடித்தம் என்று முடிந்தது. குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சலீமை ஒன்றரை மாதம் கழித்து வெளியே விட்டார்கள். தலைவருக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு சரி. கட்டணத் தீர்மானத்தை மன்றம் ரத்து செய்யவில்லை. 'மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைக்கப்படுகிறது' என்று ஒரு வரி எழுதிக்கொண்டார்கள். இன்றைக்கும் ஒருவர் கை தூக்கச் சொன்னால் அது திரும்ப உயிர் பெறும். பாலத்தில் கம்பி இன்னும் வெளியேதான் தெரிகிறது.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். கட்டணம் போடுவதோ போடாததோ மன்றத்தின் முடிவு. ஆனால் அதற்குப் பயந்து மக்கள் வேறு எந்த வழியில் போவார்கள் என்று பார்ப்பது உங்கள் வேலை. மேசையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது, காலையில் எட்டு மணிக்கு அங்கே போய் நிற்க வேண்டும். உயிர் போகும் விஷயத்தில் முதலில் கம்பத்தைத் தூக்குங்கள், அப்புறம் யாரிடம் வேண்டுமானாலும் அனுமதி கேளுங்கள். அதற்காக வரும் தணிக்கைத் தடையோடு ஒருவர் வாழ்ந்துவிட முடியும். எனக்கு வாய்த்ததோடு வாழ்வது அப்படி இல்லை.

இரண்டு வருடம் கழித்து ஆம்பூர் பஸ் நிலையத்தில் சலீமைப் பார்த்தேன். ஆட்டோவை விற்றுவிட்டு ஒரு டேனரியில் வாட்ச்மேனாக இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பார்க்காததுபோல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அவரே கூப்பிட்டார்.

"நல்லா இருக்கீங்களா மேடம்?"

"இருக்கேன் பாய். கால் எப்படி இருக்கு?"

"குளிருக்குத்தான் வலிக்கும்." ஓர் அடி கிட்டே வந்தார். "மேடம், ஒண்ணு கேக்கணும். தண்ணி வருதுன்னு உங்களுக்கு எத்தன மணிக்கு சேதி வந்துச்சி? விசாரணை அன்னிக்கி ஆபீசர் படிச்சாரு. எனக்கு சரியா காதுல விழல."

"ஏழேகாலுக்கு."

அவர் எங்கோ பார்த்தார். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. கணக்குப் போடுகிறவர்போல உதடு மட்டும் அசைந்தது.

"ஏழேகாலுக்கு நாங்க வண்டியே எடுக்கல மேடம். எல்லாரும் வந்துட்டாங்க, செல்வி மட்டும் வரல. பசங்களுக்கு டிபன் பாக்ஸ் கட்டிகினு இருக்குது, கொஞ்சம் நில்லு பாய்னு ரோஸ்லின்தான் சொல்லிச்சி. அதுக்கோசரம் நின்னுகினு இருந்தோம்."

ஜோலார்பேட்டை பஸ் வந்து நின்றது. அவர் ஏறப் போனார். படி உயரம், கால் எழும்பவில்லை. நான் கையை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, தானாகவே ஏறிப் போனார்.